தெரிஞ்சுதானே போனாங்க?

பட்டாசு ஆலை வெடித்த செய்தி வந்த அன்று மாலை, டீக்கடையிலோ வாட்ஸப் குழுவிலோ யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: “பாவம்தான்... ஆனா தெரிஞ்சுதானே போனாங்க?” சொல்கிறவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வருத்தம் இருக்கிறது. வருத்தத்தோடு இன்னொன்றும் இருக்கிறது, அதை இறக்கி வைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும். அந்த வாக்கியம் அந்த இடத்தைத் தருகிறது. போனவர்கள் தெரிந்துதான் போனார்கள் என்றால் இது அவர்கள் எடுத்த முடிவு, அவர்கள் கணக்கு. நாம் அனுதாபப்படலாம், பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அது உண்மையா? உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது சொல்ல நினைப்பதைச் சொல்லிவிடுகிறதா?

பேச ஓர் ஊர் வேண்டும். அச்சங்குளத்தை எடுத்துக்கொள்கிறேன். விருதுநகர் மாவட்டம், சாத்தூர் வட்டாரம். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, மதிய நேரம். ஸ்ரீ மாரியம்மாள் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. ஃபேன்சி ரகப் பட்டாசுகளுக்கு மருந்து கையாளும்போது ஏற்பட்ட உராய்வு என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட காரணம். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். முதல் நாள் ஓர் எண், மறுநாள் ஓர் எண், தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக இன்னோர் எண். எண் ஏறி முடிப்பதற்குள் செய்தி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம், மாநில அரசிலிருந்து 3 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்பதும் வெளியே வந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 25 அன்று சிவகாசிப் பக்கம் காளையார்குறிச்சியில் இன்னொரு விபத்து.

முதலிப்பட்டி 2012, ரெங்கபாளையம் 2023, இராமுத்தேவன்பட்டி 2024, செங்கமலப்பட்டி 2024, சின்னக்காமன்பட்டி 2025. வரைபடத்தில் தேடினால் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் ஊர்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் விபத்து வழியாகத்தான் அறிமுகம். அந்த ஊர்களில் ஒரு கோயில் கொடை நடக்கும், பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை நல்ல மார்க் எடுத்திருக்கும், அதெல்லாம் நமக்கு வந்து சேராது. ஓர் ஊருக்கு ஒரே ஓர் அடையாளம் தருவதும் ஒருவகையான ஏற்றத்தாழ்வுதான்.

*

அந்தப் பக்கம் யாரும் ‘ஃபேக்டரிக்குப் போறேன்’ என்று சொல்வதில்லை. ‘ஆபீஸ்’ என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். “எங்கம்மா பயராபீஸ் போயிருக்கு” என்று ஒரு பையன் சொன்னால், வெளியூர்க்காரர் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துக்கொள்வார். மருந்து அறைக்கும் சரவெடி பின்னும் அறைக்கும் அதே பெயர்தான். ‘ஆபீஸ்’ எப்படி ஒட்டிக்கொண்டது என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆசை இருக்கிறது, அதுதான் முக்கியம். ஆபீஸ் போகிறவருக்குக் காலையில் போக வேண்டிய நேரம் உண்டு, தூக்குவாளி உண்டு, ஏற்றிப் போக வேன் உண்டு, சனிக்கிழமை கையில் சம்பளம் உண்டு. காட்டு வேலைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் கிடையாது.

இதைச் சொல்லாமல் மேலே பேசினால் பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம். கரிசல் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் கருவேலம். மழை பொய்ப்பது விவசாயத்துக்குச் சாபம், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரம். குச்சி காய வெயில் வேண்டும், திரி காய வெயில் வேண்டும். அந்த மண்ணை வறுமையாக்கிய அதே வெயில்தான் தொழிலையும் அங்கே கொண்டுவந்தது. நிலம் இல்லாதவர்கள், குறிப்பாகத் தலித் குடும்பத்துப் பெண்கள், நிலம் வைத்திருப்பவரின் பிஞ்சையில் அவர் சொல்லும் கூலிக்கு, அவர் கூப்பிடும் பெயரைக் கேட்டுக்கொண்டு வேலை பார்த்த காலத்திலிருந்து, கணக்குப் பார்த்துக் கையில் காசு வாங்கும் காலத்துக்கு வந்ததில் இந்த ஆபீஸ்களுக்குப் பங்கு உண்டு. பயராபீஸ் காசில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் உண்டு. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்ட வீடுகள் உண்டு. மகளுக்கு அரைப் பவுனில் கம்மல் உண்டு.

ஆகவே, “அவங்களுக்கு வேற வழியே இல்ல, பாவம்” என்கிற பதிலிலும் எனக்குச் சம்மதமில்லை. “தெரிஞ்சுதானே போனாங்க” என்பது அவர்களைக் கைவிடுகிறது என்றால், “வேற வழியே இல்ல” என்பது அவர்களைக் குழந்தையாக்குகிறது. சித்தாள் வேலை, நூறு நாள் வேலை, மில் வேலை, பயராபீஸ் என்று நான்கையும் எடைபோட்டு, பீஸ் ரேட்டையும் வேன் வரும் நேரத்தையும் வீட்டில் இருக்கும் கைக்குழந்தையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு பெண் முடிவெடுக்கிறாள். அது முடிவுதான். நம்மில் பலர் வேலை மாறும்போது செய்யும் கணக்கைவிட நுட்பமான கணக்கு.

அப்படியானால் சம்மதம் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறோமா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எதற்குச் சம்மதம்?

*

நான்கு மாடி உயரத்தில் சுவருக்கு வண்ணம் பூசுகிறவரும் ஆபத்தான வேலைதான் பார்க்கிறார். ஆனால் அவர் கால் வைக்கும் இடத்தை அவர் பார்க்கலாம். கயிற்றை இழுத்துப் பார்க்கலாம். அவருடைய கவனத்துக்கும் அவருடைய உயிருக்கும் ஓரளவுக்காவது நேரடித் தொடர்பு இருக்கிறது.

பட்டாசு ஆலையில் அந்தத் தொடர்பு அறுந்திருக்கிறது. ஒரு பெண் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறாள். அவள் கை எவ்வளவு கவனமாக இருந்தாலும் சரி. மூன்று அறை தள்ளி யாரோ மருந்து கலக்கிறார்கள். முந்தின நாள் மிஞ்சிய கலவையை அப்படியே வைத்துவிட்டார்களா? அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டிருக்கிறதா? ஓர் அறையில் வைக்கக் கூடிய அளவைவிட அதிகம் அடைத்திருக்கிறார்களா? ஒரு ரகத்துக்கு உரிமம் வாங்கிய இடத்தில் இன்னொரு ரகம் ஓடுகிறதா? இந்த லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, இன்றைக்கு ஆலையை நடத்துவது யார்? இவற்றில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதும் இல்லை. ஆபத்து என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். இன்று, இந்த அறையில், இந்த அளவு ஆபத்து என்பது தெரியாது.

“பட்டாசு வேலை ஆபத்தானது” என்று தெரிவதும், “இங்கே விதியை மீறி வேலை நடக்கிறது, அதனால் இந்த இடம் ஆபத்தானது” என்று தெரிவதும் ஒன்றல்ல. முதலாவதுக்கு அவள் சம்மதித்திருக்கலாம். இரண்டாவதுக்கான சம்மதத்தை அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. பஸ்ஸில் ஏறுகிறவர் சாலை விபத்து நடக்கலாம் என்று தெரிந்துதான் ஏறுகிறார். அதற்காக, டிரைவர் குடித்திருந்ததற்கும் பிரேக் பிடிக்காமல் இருந்ததற்கும் அவர் சம்மதித்துவிட்டார் என்று நாம் சொல்வதில்லையே.

வெடிபொருள் விதிகள் இந்த நாட்டில் எழுதப்படாமல் இல்லை. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி, ஓர் அறைக்குள் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, மின்சாரம் கூடாது, இரும்புக் கருவி கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. சிறிய அளவுக்கு மாவட்ட அளவில் உரிமம், அதற்கு மேல் சென்னை, பெரியவற்றுக்கு நாக்பூர். உள்ளூரிலும் அப்படித்தான் சொல்வார்கள்: டி.ஆர்.ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். விதிகள் இருப்பதுதான் விஷயமே. ஆபத்தை இவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று சமூகத்துக்குத் தெரியும், எழுதி வைத்திருக்கிறது. எழுதியதற்கும் நடப்பதற்கும் இடையில் இருக்கும் தூரம்தான் மனிதர்களைக் கொல்கிறது. அந்தத் தூரத்தை உண்டாக்கியவர்கள் உள்ளே உட்கார்ந்து திரி வைக்கிறவர்கள் அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் கணிசமானோர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் வெடிப்பைக் கேட்டு, பார்க்கவும் தூக்கிவிடவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றியும் கேட்கலாமா, தெரிஞ்சுதானே போனாங்க என்று? கேட்கலாம். காப்பாற்ற ஓடியவர்களைப் பொறுத்தவரை ஆம் என்பதுதான் பதில். ஆனால் அந்த ‘ஆம்’ யாரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை. தெரிந்து போனார்கள் என்பது அவர்களுடைய பெருமை. அங்கே வெடித்தது இன்னொருவருடைய குற்றம். ஒருவர் தெரிந்து செய்தார் என்பதால் மற்றவரின் பொறுப்பு குறைந்துவிடாது என்பதை ஓடி வந்தவர்கள் விஷயத்தில் நாம் சட்டென்று ஒத்துக்கொள்கிறோம். கூலிக்குப் போனவர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

*

ஏன் அந்த ஊர்கள், ஏன் அந்தத் தெருக்கள் என்று கேட்டால் சாதிக்குப் போகாமல் பேச முடியாது. ஆனால் அதை எளிமையாக ‘முதலாளி சாதி, தொழிலாளி சாதி’ என்று முடித்துவிடவும் முடியாது. அந்த வட்டாரத்தின் வரலாறே அதற்கு விடாது.

1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. இடையில் 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் அந்தக் கலவரக் காலத்தைத் தொட்டு எழுதப்பட்டது. கோயிலுக்குள் போக விடாத சமூகத்தில், அவர்கள் உறவின்முறை அமைத்து, மகமை பிரித்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம். இன்று நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கிருந்துதான் போகிறது என்று சொல்லப்படுகிறது. பிறப்பால் விதித்த இடத்தை ஏற்க மறுத்த ஒரு சமூகத்தின் கதை இது. மரியாதைக்குரிய கதை.

அந்தக் கதைக்குள்ளேயே கேள்வியும் இருக்கிறது. மேலே ஏறியவர்கள் கீழே இருந்த படியை அகற்றவில்லை. அதில் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். அம்பேத்கர் 1936-இலேயே சுட்டிக்காட்டினார்: சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது. வெறும் ஏற்றத்தாழ்வு அல்ல, படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றும் அவர் சொன்னார். ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்பதே இந்த அமைப்பில் கிடைக்கும் ஆறுதல்.

இதை ஒரு சாதியின் தனிக் குற்றமாகச் சொல்லவில்லை. உள்குத்தகை எடுத்து நடத்துகிறவர் பல நேரம் பழைய போர்மேன், சில நேரம் பழைய தொழிலாளி. ஐந்தாறு வருடம் மருந்து அறையில் நின்றவர், கடன் வாங்கி நான்கு அறையைக் குத்தகைக்குப் பிடித்து, தன் தெருவிலிருந்தே ஆட்களைக் கூட்டிப் போவார். விபத்து நடந்தால் முதல் ஆளாகக் கைதாகிறவரும் அவராகத்தான் இருப்பார். கஷ்டத்தை அனுபவித்தவர் அடுத்தவருக்குக் கஷ்டம் தர மாட்டார் என்பது நம்முடைய இனிய நம்பிக்கை. அனுபவம் தானாக அறமாக மாறுவதில்லை. ஆபத்தான அறையில் நின்ற நினைவு, “நான் நிக்கலயா? ஒண்ணும் ஆகலயே” என்றும் மாறலாம்.

*

இறந்த உயிருக்கு எவ்வளவு?

கேட்கவே கூசும் கேள்வி. ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கேட்டுப் பதிலும் எழுதுகிறார். காண்ட் 1785-இல் எழுதிய அறவியல் நூலில், விலை உள்ளவை, மாண்பு உள்ளவை என்று இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றை வைக்க முடியும் என்றால் அதற்கு விலை உண்டு. எதையுமே ஈடாக வைக்க முடியாது என்றால் அதற்கு மாண்பு உண்டு. மனிதர் இரண்டாம் வகை.

சட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ பாதுகாப்பில் வராத ஒரு தொழிலாளி வேலையில் இறந்தால், 2025 வரை பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 இருந்தது. மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்தக் காரணி 184.17. உதாரணத்துக்கு, 40 வயதுப் பெண், மாதம் 8,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 4,000 பெருக்கல் 184.17. கிட்டத்தட்ட 7 லட்சத்து 37 ஆயிரம். அதே வயதில், அதே கூரையின் கீழ், 15,000 சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர் இறந்தால்? சுமார் 13 லட்சத்து 81 ஆயிரம்.

கணக்கு சரிதான். குடும்பம் இழந்த வருமானத்தை ஈடு செய்வது நோக்கம் என்றால் சம்பளத்தை அடிப்படையாக வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் உற்றுப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது குறைவாகக் கொடுத்தவருக்கு, அவள் இறந்த பிறகும் குறைவாகக் கொடுத்தால் போதும் என்கிறது இந்தக் கணக்கு. குறைந்த கூலி இரண்டு முறை லாபம் தருகிறது. முதல் அநியாயம் இரண்டாவது அநியாயத்துக்கு ஆதாரமாகிறது. பீஸ் ரேட்டில், ரசீது இல்லாமல், வருகைப் பதிவில் பெயரே இல்லாமல் வேலை பார்த்தவருக்கு அந்த 8,000-ஐ நிரூபிப்பதே பெரும்பாடு.

அச்சங்குளம் விஷயத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம், காயத்தின் அளவுக்கு ஏற்பக் காயம்பட்டவர்களுக்கும் தொகை என்று 2021-இல் உத்தரவிட்டது. உத்தரவு வேறு, கைக்கு வந்து சேரும் பணம் வேறு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த 20 லட்சத்தின் வடிவத்தை மட்டும் பார்க்கிறேன். எல்லாருக்கும் ஒரே தொகை. என்ன சம்பளம், என்ன வேலை என்று கேட்கவில்லை. காண்ட் கேட்டால் இதையும் விலை என்றுதான் சொல்வார். ஆனால் எல்லாருக்கும் ஒரே தொகை என்று எழுதும்போது, அந்தப் பணம் வருமானத்துக்கு ஈடு என்பதிலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. “இந்த உயிர்கள் சமம், அவற்றைப் பறித்தது தவறு” என்று சொல்லும் பணமாகிறது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத சமத்துவம் இறப்புச் சான்றிதழுக்குப் பிறகு கிடைக்கிறது. அதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

*

பொறுப்பு யாருடையது என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு சங்கிலி கிடைக்கும். லைசென்ஸ் வைத்திருப்பவர் சொல்வார்: நான் குத்தகைக்கு விட்டுட்டேன். குத்தகைக்காரர்: உள்குத்தகைக்காரங்க என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. உள்குத்தகைக்காரர்: ஆர்டர் தலைக்கு மேல, தீபாவளிக்குள்ள சரக்கு போயாகணும். அதிகாரி: இத்தனை ஆலைக்கு இத்தனை பேர்தான் இருக்கோம். கடைக்காரர்: விலை கூட்டினா யார் வாங்குவா? வாங்குகிறவர்: வருசத்துக்கு ஒரு நாள், புள்ளைங்க ஆசைப்படுதுங்க.

ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் சிக்கல். ஆபத்து கீழ் நோக்கி இறங்குகிறது, லாபம் மேல் நோக்கி ஏறுகிறது, பொறுப்பு மட்டும் நடுவில் எங்கேயோ ஆவியாகிவிடுகிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங் இந்த மாதிரி நிலைமைகளுக்காகவே ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். குற்றம் சாட்டுவதற்கான பொறுப்பு ஒன்று. அது குறிப்பிட்ட ஆளைத் தேடும், நீதிமன்றத்தில் நிறுத்தும். அது வேண்டும், அதைவிட்டுக் கொடுக்கக் கூடாது. ஆனால் அநீதி ஒருவர் செய்ததாக இல்லாமல், பலர் தத்தம் சாதாரண வேலையைச் செய்வதாலேயே உருவாகும்போது, இன்னொரு வகைப் பொறுப்பு தேவைப்படுகிறது. இந்தச் செயல்பாட்டில் நானும் ஓர் இழை என்பதால், இதை மாற்றுவதில் எனக்கும் பங்கு உண்டு என்கிற பொறுப்பு. இது குற்றவுணர்ச்சியைக் கேட்கவில்லை. வேலையைக் கேட்கிறது.

நம் ஊர் விவாதங்களில் இந்த இரண்டும் குழம்பிப்போகின்றன. ஒருவர் ‘பட்டாசு வெடிக்கிறவன்லாம் கொலைகாரன்’ என்பார். இன்னொருவர் அதற்குக் கோபப்பட்டு ‘எங்க பண்டிகை மேலதான் உங்க கண்ணு’ என்பார். இரண்டு பேரும் பேசி முடிக்கும்போது சாத்தூர் பக்கத்து மருந்து அறை பேச்சிலேயே இருக்காது.

நீதிமன்றத்திலும் ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. 2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தைகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பட்டாசுப் புகை எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது என்பது மனு. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அதற்குப் பெயர். 2018 அக்டோபர் 23 அன்று, பசுமைப் பட்டாசு மட்டுமே, பேரியம் உப்புகள் கூடாது, வெடிக்க இத்தனை மணி நேரம் மட்டுமே என்று தீர்ப்பு வந்தது. நியாயமான கவலை. அந்தக் குழந்தைகளின் நுரையீரல் முக்கியம். அதற்குப் பல வருடம் முன்பே வேறு குழந்தைகளும் அதே நீதிமன்றத்தில் பேசப்பட்டார்கள்: எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகள். ஒரு வழக்கில் குழந்தை பட்டாசைச் சுவாசிக்கிறது. மற்றதில் குழந்தை பட்டாசைச் செய்கிறது. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு முனைகள். முதல் முனையைப் பற்றி ஒவ்வொரு தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது. அடுத்த முனைக்கு வெடித்தால் மட்டும் விவாதம்.

*

அந்தக் குழந்தைகளின் கதையில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

1980-களில் விடியற்காலை வேன்கள் கிராமம் கிராமமாகப் போய்த் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றி வரும். 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்த உலகத்தைக் காட்டியது. தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளை வைத்துப் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ என்று ஒரு படமே இயக்கினார். அப்போது சொல்லப்பட்ட வாதங்களை நினைத்துப் பாருங்கள். பிஞ்சு விரலுக்குத்தான் வேலை வேகமாக வரும். பெற்றோர்தான் அனுப்புகிறார்கள், நாங்கள் கூப்பிடவில்லை. இந்த வேலையும் இல்லாவிட்டால் பட்டினிதான் கிடக்கும். தெரிஞ்சுதானே அனுப்புறாங்க. இது இந்த மண்ணோட தலையெழுத்து.

1991-இல் மீனம்பட்டிப் பக்கம் நடந்த விபத்தில் குழந்தைகளும் இறந்தார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. அதோடு பள்ளிக்கூடம், சத்துணவு, அறிவொளி இயக்கம், தொண்டு நிறுவனங்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற அம்மாக்கள். எல்லாம் சேர்ந்து, அந்த விடியற்காலை வேன்கள் இல்லாமல் போயின. குழந்தை உழைப்பு அடியோடு ஒழிந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் அன்று அது ‘இயல்பு’. இன்று அது ஒளித்துச் செய்ய வேண்டிய குற்றம். பட்டாசுத் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை. தலையெழுத்து என்று சொல்லப்பட்டது வெறும் வழக்கம்தான் என்று தெரிந்துபோயிற்று.

இன்னோர் இடத்தையும் பார்க்கலாம். 1911 மார்ச் 25, நியூயார்க். டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனியில் தீ. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. அங்கேயும் முதலாளிகள் விடுதலையானார்கள். பிறகு சிவில் வழக்கில் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று முடித்துக்கொண்டார்கள். அதோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. தொழிற்சங்கம் தெருவுக்கு வந்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. சில ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் தொழிற்சாலைச் சட்டங்கள் வரிசையாக மாறின. அன்று தெருவில் நின்று அந்தத் தீயைப் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண் 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்தப் பெண்களும் தெரிந்துதான் வேலைக்குப் போனார்கள். ஆனால் அந்த ஊர் அந்தக் கேள்வியில் நின்றுவிடவில்லை. கதவை யார் பூட்டியது, ஏன் பூட்ட முடிந்தது என்று கேட்டது.

நம்மிடம் அதுதான் குறைகிறது. நாம் ஒவ்வொரு விபத்தையும் தனித்தனி ஊர்ப் பெயரில் எழுதி மூடிவிடுகிறோம். முதலிப்பட்டிக்குப் பிறகும் குழு, அச்சங்குளத்துக்குப் பிறகும் குழு. அறிக்கைகள் சொல்வது பெரும்பாலும் புதிதல்ல: உள்குத்தகையை நிறுத்து, அளவுக்கு மேல் மருந்து வைக்காதே, கலவை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடு, ஆய்வாளர்களை நியமி. இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. செலவு உண்டு, அவ்வளவுதான். அந்தச் செலவு இன்று அந்தப் பெண்களின் உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது. பெட்டியின் விலையில் அது ஏறவில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

அதனால் அடுத்த முறை யாராவது “தெரிஞ்சுதானே போனாங்க?” என்று சொன்னால், சண்டை போட வேண்டியதில்லை. ஆமாம் என்றே சொல்லலாம். அவர்களுக்கு வேலை ஆபத்தானது என்று தெரியும். பிறகு மற்றவர்களைப் பற்றிக் கேட்கலாம். லைசென்ஸைக் குத்தகைக்கு விட்டவருக்குத் தெரியாதா? ஆய்வுக்கு வர வேண்டியவருக்குத் தெரியாதா? எத்தனை குழுக்களின் அறிக்கை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அரசுக்குத் தெரியாதா? மலிவாகக் கிடைக்கும் ஒரு பெட்டி ஏன் மலிவு என்று நமக்குத் தெரியாதா? தெரிந்திருப்பது பொறுப்பைக் கொண்டுவரும் என்றால், மிகக் குறைவாகத் தெரிந்தவரிடம் மட்டும் அதை முழுவதுமாகக் கொடுத்துவிட்டு நாம் எழுந்துபோக முடியாது.